உஷார்! பாதி படித்தால் பாடு உங்களுக்குத்தான்

ஜப்பானில் விற்கும் குளோரின் பிளீச் பாட்டில்களில் ‘மஸெருன கிகென்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ‘கலக்காதே, ஆபத்து!’ என்று அர்த்தம். ‘மஸெரு’ என்றால் கலப்பது. வாலில் ஒட்டியிருக்கும் ‘ன’ என்ற ஒற்றை எழுத்துதான் அதைக் ‘கலக்காதே’ ஆக்குகிறது. ‘ஆபத்து’ இரண்டு கான்ஜிகளில், அதாவது சீன வழிவந்த எழுத்துகளில் இருக்கும். வினைச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, வாலைக் கவனிக்காமல், கான்ஜியையும் தாண்டிப் போகிறவருக்கு அந்த எச்சரிக்கை எப்படித் தெரியும்? ‘கல’ என்று! அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரோடு அந்த பிளீச் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது ஆளையே கொன்றுவிடும்.

ஜப்பானியம் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர் பக்கத்தில் யாரையாவது கேட்பார். பாதி தெரிந்தவர் கேட்க மாட்டார். படித்தாயிற்று என்று நினைத்துக்கொள்வார். அங்கேதான் வம்பு.

2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ விசாவைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு வேலை, தொழிற்சாலை வேலை என்று கனவோடு மொழி வகுப்பில் சேருகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது இது: “தமிழருக்கு ஜப்பானியம் ரொம்ப சுலபம்.” பேச்சைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. நம்மைப் போலவே அவர்களும் வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். ‘இல்’, ‘ஐ’ போன்றவை பெயருக்குப் பின்னால்தான் வரும். ஆனால் வாசிப்பில் இந்தச் சலுகை கிடையாது. ஹிரகானா, கத்தகானா, கான்ஜி என்று மூன்று வகை எழுத்தும் ஒரே வரியில் கலந்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் வரும். தொடக்கத்திலேயே விழுந்துவிடக்கூடிய குழிகள் இவை.

குழி 1: தமிழில் எழுதிவைத்துப் படிப்பது

மேலே ஆபத்துக்குக் ‘கிகென்’ என்று எழுதியிருக்கிறதல்லவா? உணவுப் பாக்கெட்டில் வரும் ‘கெடு தேதி’க்கும் தமிழில் எழுதினால் ‘கிகென்’தான்! ஒன்றில் வரும் ‘கெ’ வல்லோசை, மற்றதில் ‘தங்கம்’ என்பதில் வருகிற ‘க’ போன்ற மெல்லோசை. தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே உரு கொடுக்கிறது. வானிலைக்கும் ‘தென்கி’, மின்சாரத்துக்கும் ‘தென்கி’. சாவியும் ‘ககி’, சீமைப் பனிச்சை என்று நாம் சொல்லும் பழமும் ‘ககி’. ஹிரகானாவில் எழுத்தின் தலைமாட்டில் போடும் இரண்டு சின்னக் கீற்றுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகின்றன. நோட்டில் தமிழில் எழுதிப் பழகியவர் கண்ணுக்கு அந்தக் கீற்றுகள் படவே படாது.

ஆங்கில எழுத்தில் படித்தால் வேறு சிக்கல். குறில், நெடில் மறைந்துவிடும். ‘ஒபசன்’ என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண். ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் பிறந்ததிலிருந்தே நம் காதில் ஊறியவை. அந்தச் சொத்தை ஆங்கில எழுத்திடம் அடகு வைக்காதீர்கள்.

குழி 2: கத்தகானாவை ‘அப்புறம்’ என்று தள்ளுவது

ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46, கத்தகானாவில் 46. முதல் கூட்டத்தை முடித்த தெம்பில் இரண்டாவதை ஒத்திப்போடுகிறவர்கள் ஏராளம். பிறமொழிச் சொற்கள் கத்தகானாவில்தான் வரும். ஓட்டல் மெனுவிலும் எந்திரத்தின் பொத்தானிலும் இதைத் தவிர்க்கவே முடியாது. இதில் ‘ஷி’யும் ‘த்ஸு’வும் அச்சில் வார்த்த இரட்டையர். ‘ஸோ’வும் ‘ன்’னும் அப்படியே. கோட்டை எந்தப் பக்கம் தொடங்கி எங்கே இழுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். வெறுமனே பார்த்துப் படித்தால் பிடிபடாது, கையால் எழுதினால்தான் பிடிபடும். நெடிலுக்கு ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அது இல்லையென்றால் ‘பிரு’, கட்டடம். இருந்தால் ‘பீரு’, குடிக்கிற பீர்!

குழி 3: ஒரு கான்ஜிக்கு ஒரே உச்சரிப்பு என்று நம்புவது

ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நிச்சியோபி’. அதில் முதலில் வரும் ‘நிச்சி’யும் கடைசியில் வரும் ‘பி’யும் ஒரே கான்ஜி. ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை வந்து இரண்டு விதமாக ஒலிக்கிறது. எழுத்தைத் தனியாக எடுத்து அதன் உச்சரிப்புகளைப் பட்டியல் போட்டு உருப்போடுவது வீண் வேலை. சொல்லாகப் படியுங்கள்.

2010-இல் ஜப்பான் அரசு திருத்திய பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜிகள் இருக்கின்றன. அந்நாட்டுக் குழந்தைகளுக்கே முதல் வகுப்பில் 80, ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடத்துக்கும் சேர்த்து 1,026 தான். “ஒரே மாதத்தில் எல்லா கான்ஜியும்” என்று விளம்பரம் கண்ணில் பட்டால் பர்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குழி 4: ஃபுரிகானாவிலேயே குடியிருப்பது

கான்ஜிக்கு மேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைத் தருவது ஃபுரிகானா. சிறுவர் காமிக்ஸிலும் பாடப் புத்தகத்திலும் இருக்கும். தொடக்கத்துக்கு நல்ல துணைதான். ஆனால் கண் சோம்பேறி. பொடி எழுத்தைப் பார்த்தே பழகி, கீழே இருக்கும் கான்ஜியை ஏறெடுத்தும் பார்க்காது. தொழிற்சாலைச் சுவரில் ஒட்டும் அறிவிப்பில் அந்தத் துணை இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஃபுரிகானாவை விரலால் மறைத்துப் படியுங்கள்.

எங்கே சறுக்கினால் அடி பலம்?

மருத்துவமனைக்கு முதல் முறை போனால் ஒரு கேள்வித்தாளை நீட்டுவார்கள். “ஒவ்வாமை உண்டா?” என்ற கேள்விக்குப் பக்கத்தில் பல இடங்களில் இரண்டே கான்ஜிகள்தான் இருக்கும். ஒன்று ‘உண்டு’, மற்றது ‘இல்லை’. வட்டம் போட வேண்டும். மாற்றிப் போட்டால் மருந்தே விஷமாகலாம். இதே ஜோடிதான் பார்க்கிங் பலகையிலும் வரும்: ‘யூர்யோ’ என்றால் கட்டணம் உண்டு, ‘முர்யோ’ என்றால் இலவசம். ‘கட்டணம்’ என்ற கான்ஜியை மட்டும் தெரிந்துகொண்டால் பாதிக் கதைதான்.

உணவுப் பாக்கெட்டில் ‘27.03.05’ என்று இருந்தால் அது 2027 மார்ச் 5. அங்கே ஆண்டுதான் முதலில். ‘ஷோஹி கிகென்’ என்றால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. ‘ஷோமி கிகென்’ என்றால் அதுவரை சுவை குறையாது. வேர்க்கடலை ஒவ்வாத ஒருவர் ‘பீனத்ஸு’ என்று கத்தகானாவில் மட்டும் தேடினால் போதாது. அதே கடலை ‘ரக்கஸெய்’ என்ற பெயரிலும் ஒளிந்திருக்கும். சைவக்காரர்கள் மாடு, பன்றி, கோழி, மீன் ஆகிய கான்ஜிகளைப் படம் போலக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள்.

1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தின்போது, அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தார்கள். அதன் பிறகுதான் ‘யசஷீ நிஹொங்கோ’ என்ற எளிய ஜப்பானியம் உருவானது. இருந்தாலும் சுவரில் இருக்கும் பலகை உங்களுக்காக எளிமையாகிவிடாது. ஆபத்து, தடை, அவசர வழி, வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குப் போதல்: இந்த நான்குக்கான கான்ஜிகளை, பாடத்திட்டத்தில் வருகிறதோ இல்லையோ, விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள். “செல்போன் கேமராவை நீட்டினால் மொழிபெயர்த்துவிடுமே” என்பீர்கள். பூமி ஆடும்போது எந்தப் பையில் போனைத் தேடுவீர்கள்?

‘என்-5 போதும்’ என்கிறார்களா? உஷார்!

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்-5 தான் அடிப்படி. உச்சம் என்-1. ‘குறிப்பிட்ட திறன்’ விசாவுக்குப் பொதுவாக என்-4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற வேறொரு மொழித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். துறைக்கான திறன் தேர்வு தனி. முதியோர் பராமரிப்பு என்றால் அதற்கென்று ஒரு ஜப்பானிய மொழித் தேர்வும் சேரும். என்-5 சான்றிதழை வைத்தே இந்த விசா வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் உங்களுக்கு அரை உண்மையைத்தான் விற்கிறார். ஜே.எல்.பி.டி.யில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், எழுதிக் காட்ட வேண்டியதில்லை, பேசிக் காட்ட வேண்டியதும் இல்லை. தேர்வில் பாஸானவருக்கும் படிவம் நிரப்ப வராமல் போவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

• ஹிரகானாவைக் கையால் எழுதிப் பழகுங்கள். அது கைவந்ததும் இடைவெளி விடாமல் கத்தகானா. அதன் பிறகு நோட்டில் தமிழ், ஆங்கில எழுத்துகளுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

• கான்ஜியைச் சொல்லோடும் வாக்கியத்தோடும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

• வாக்கியத்தை வால் வரை படியுங்கள். தமிழைப் போலவே ஆம், இல்லை, செய், செய்யாதே எல்லாம் அங்கேதான்.

• ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘இரொதொரி’ பாடநூல் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கட்டும் முன் அதில் சில பாடங்களைப் படித்து உங்கள் தரத்தை நீங்களே பாருங்கள்.

• தெரியாத எழுத்தை ஊகிக்காதீர்கள், கேளுங்கள். ஜப்பானியர்களே பிறர் பெயரை எப்படிப் படிப்பது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதற்காகவே படிவங்களில் பெயருக்கு மேல் ஃபுரிகானா கட்டம் வைத்திருக்கிறார்கள். குடும்பப் பதிவேட்டிலேயே பெயரின் உச்சரிப்பு 2025 மே 26 முதல்தான் சட்டப்படி இடம்பெறத் தொடங்கியது.

• வேலை ஒப்பந்தத்தை முழுசாகப் படிக்க முடியவில்லையா? ஏஜென்ட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சம்பளப் பிடித்தம், தங்குமிட வாடகை, வேலை நேரம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். “பார்மாலிட்டிதான், போடுங்க” என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்!