கி. பி. 476: மணிமுடியும் மண்ணும்

மேற்கு றோமப் பேரரசு கி. பி. 476இல் வீழ்ந்தது என்பது பாடநூல்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தியாகும். அவ்வாண்டு றவென்னா நகரிற் சிறுவனாகிய றோமுலுஸ் அகஸ்துலுஸ் அரியணையினின்றும் நீக்கப்பட்டான். அவனை நீக்கிய ஒடோவாக்கர், ஆண்டுக்கு 6,000 பொற்காசு வழங்கிக் கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தான். அரச சின்னங்கள் கொன்ஸ்தாந்திநோபிளில் ஆட்சிபுரிந்த சீனோவைச் சென்றடைந்தன. எனினும், கிழக்கு அரசு மேற்கின் பேரரசனாக ஏற்றிருந்த யூலியஸ் நேபொஸ் 480வரை டல்மேஷியாவில் வாழ்ந்தான். 476ஐ மேற்குப் பேரரசின் முடிவாகக் குறிக்கும் மார்செலினுஸின் ஆண்டுக் குறிப்பேடும் ஆறாம் நூற்றாண்டிற் கொன்ஸ்தாந்திநோபிளில் எழுதப்பட்டதே. ஆகவே இவ்வாண்டின் பொருளை முடியில் அன்றி வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

ஆட்சி மாற்றத்தின் உடனடிக் காரணம் நிலமே. 439இல் வண்டாலர் கார்த்தேஜைக் கைப்பற்றியமையால், வரியும் தானியமும் மிகுதியாகத் தந்த ஆபிரிக்க மாகாணத்தை மேற்கு அரசு இழந்தது. வரி குன்றவே, படைக்கு ஊதியம் வழங்கும் ஆற்றலும் குன்றிற்று. இத்தாலியில் நிலைகொண்ட ஜெர்மானியப் படையினர் அந்நாட்டு நிலத்தில் மூன்றிலொரு பங்கைக் கேட்டனர் எனப் புறோக்கோப்பியஸ் எழுதுகின்றார். சிறுவனின் தந்தையும் படைத்தலைவனுமாகிய ஒறெஸ்தேஸ் மறுத்தான், கொல்லப்பட்டான். தருவதாக உறுதிகூறிய ஒடோவாக்கர் அரசனானான்.

இப்பிணக்கில் உழுதவனின் குரல் எங்கும் ஒலிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. உழுதோர் அடிமைகளும், கொலோனுஸ் எனப்பட்ட குத்தகைக் குடியானவருமாவர். இக்குடியானவர் பெயரளவிற் சுதந்திரர். ஆயினும், 332இல் கொன்ஸ்தந்தீன் பிறப்பித்த சட்டம் தப்பியோடிய குடியானவனை முன்னைய நிலத்திற்கே மீட்டனுப்பப் பணித்தது. ஓட எண்ணுவோனை அடிமைபோல விலங்கிடவும் இடமளித்தது. புகலிடம் கொடுத்தவன் அக்காலத்து வரியையும் செலுத்தவேண்டியவனானான். வரியறவிடுதலும் மனிதனை மண்ணோடு பிணித்தலும் ஒரே செயலின் இரு பக்கங்களாயின. வரிச்சுமை தாங்காத ஏழைகள் பெருநிலக்கிழாரிடம் தம்மை ஒப்புவித்தமையையும், 'காட்டுமிராண்டிகள்' எனப்பட்டோரிடம் ஓடியமையையும் ஐந்தாம் நூற்றாண்டினரான சல்வியன் என்னும் மதகுரு கடுஞ்சினத்துடன் பதிவுசெய்துள்ளார்.

ஒடோவாக்கரிடம் பணியாற்றிய லிபேரியஸ் என்னும் உயர்குடியினன், 493இல் அவனைக் கொன்று ஆட்சியேற்ற தியோதொறிக்கின் கீழ்க் கோத்தியருக்குப் பங்கு பிரித்தளித்தான். அரசர் மாறினும், செனற்றரின் செல்வாக்குப் பெரிதும் நிலைத்தது. பிரிக்கப்பட்டது நிலமன்று, நிலவரியின் பங்கே என 1980இல் வால்டர் கொஃபார்ட் வாதிட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால், பங்கு எவ்வடிவிற் சென்றிருப்பினும், அது உழுதவன் விளைவித்த உபரியினின்றே சென்றது.

இதனால் 476இல் எதுவும் மாறவில்லை என்று கொள்ளுதல் தவறு. வரிதிரட்டி ஊதியமளித்த அரசின் இடத்தில், நிலத்தையே ஆதாரமாகக்கொண்ட படைப்பிரபுத்துவம் மேற்கில் படிப்படியாக உருவாகிற்று. பிற்கால நிலமானிய அமைப்பின் வித்துக்களுள் இஃதொன்று. அம்மாற்றம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிப் பல தலைமுறை நீடித்தது. முடியிறங்கிய நாளைக் கொண்டு யுகங்களைப் பிரிக்கும் வரலாறு, விளைச்சலைப் பறிகொடுத்தோரின் காலக்கணக்கைக் காணத் தவறிவிடுகின்றது.