வண்டி யார் பேரில் இருக்கிறது?

செம்பூரில் எங்கள் கட்டிடத்தில் ஒரு கார் நிற்கிறது. நம்பர் பிளேட்டில் 'டி.என்.' என்று பார்த்ததும் நம்மவர்களுக்கு மனத்தில் ஒரு குளுமை வருமே, அந்த மாதிரி வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துடைத்துக்கொண்டிருந்த நண்பரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"சார், எப்ப வாங்கினீங்க?"

"திருச்சியிலே என் மாமனார் வண்டி சார். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் ஓட்டறதில்லே. 'நீங்களே எடுத்துக்குங்க மாப்பிள்ளை'ன்னார். சும்மா வாங்கிக்கக் கூடாதுன்னு ஒரு தொகையைக் கையிலே கொடுத்துட்டேன். மூணு வருஷமா இங்கேதான் ஓடுது."

"பேர் மாத்தியாச்சா?"

"நமக்குள்ளே என்ன சார் பேர் மாத்தறது? இன்ஷ்யூரன்ஸை வருஷா வருஷம் அவர் பேர்லேயே கட்டிடறேன். ஐம்பது பர்சென்ட் போனஸ் இருக்கு. மாத்தினா அது போயிடுமே!"

இவரைப்போல நம்மில் எத்தனையோ பேர். அண்ணன் வண்டியைத் தம்பி ஓட்டுகிறான், சித்தப்பா வண்டி அண்ணன் மகனிடம் வருகிறது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மாமனார், மாப்பிள்ளை உறவெல்லாம் கோர்ட்டுக்கும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியாது. ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் பெயர்தான் தெரியும்.

இரவலா, சொந்தமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சொந்தக்காரர் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் தனியார் காரை ஓட்டினால் அது தப்பில்லை. பாலிசியும் செல்லும். வண்டி கைமாறிய பிறகும் காகிதம் மாறாமல் இருப்பதுதான் சிக்கல்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியை விற்றவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளி மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றச் சொல்லி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் வாங்கியவர் எழுத வேண்டும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்? பாலிசியில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது. இதைத்தான் 'தேர்ட் பார்ட்டி' என்கிறோம். சட்டப்படி இது கட்டாயம். வண்டி கைமாறினால் இந்தப் பாகம் தானாகவே புதியவருக்கு மாறியதாகச் சட்டம் கொள்கிறது. மற்றது, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது. இது தானாக மாறாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மழையில் மரம் விழுந்து கார் நசுங்கினால் கிளெய்ம் கேட்பது யார்? மாமனார் வண்டியை விற்றுவிட்டார். மாப்பிள்ளை பெயர் பாலிசியிலேயே இல்லை. பணம் கொடுக்க மறுப்பதற்குக் கம்பெனிக்கு இது போதும்.

பெரியவருக்கு வரும் தலைவலி

இதைவிடப் பெரிய ஆபத்து திருச்சியில் இருப்பவருக்கு. ஒரு வழக்கில் ஒரு கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்தது. விபத்தில் உயிர் போயிற்று. 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்று அவர் சொன்னது எடுபடவில்லை. பதிவில் யார் பெயரோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு வருஷம் பிரீமியம் கட்ட மறந்து, அந்த நேரம் பார்த்து சயான்–பன்வேல் சாலையில் ஏதாவது நடந்துவிட்டால், நஷ்ட ஈட்டுச் சுமை ஓய்வில் இருக்கும் பெரியவரின் தலையில் விழும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பாலிசியோடு எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கு நேரும் விபத்துக்கானது. நண்பருக்கு ஏதாவது ஆனால், அவர் மனைவி அந்தத் தொகையை நம்பி நிற்க முடியாது.

போனஸ் கணக்கு

'போனஸ் போய்விடுமே' என்பதுதான் பலரையும் தடுக்கிறது. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம் வரை கிடைக்கும் இந்தத் தள்ளுபடி, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான்; தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் இல்லை. அது வண்டிக்கு உரியதும் அல்ல, ஆளுக்கு உரியது. வாங்கியவர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விற்றவர் கம்பெனியிடம் சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று வருஷத்துக்குள் தாம் வாங்கும் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். வருஷத்துக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய், சில லட்சங்களைப் பணயம் வைக்கிறோம்.

சொந்தக்காரர் காலமாகிவிட்டால் விதி வேறு. பாலிசி உடனே செத்துவிடாது. மூன்று மாதமோ, பாலிசி முடியும் நாளோ, எது முந்தியதோ அதுவரை உயிரோடிருக்கும். அதற்குள் வாரிசுகள் ஆர்.டி.ஓ.விலும் கம்பெனியிலும் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கு வண்டி போனால் போனஸும் கூடவே போகும். மகளுக்குக் கிடைக்கும், மருமகனுக்கு இல்லை!

செய்ய வேண்டியது

வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், பெயர் யாருடையதாக இருந்தாலும் அந்த மாநிலத்தில் புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் 28-ம் எண் படிவம் கொடுத்து ஆட்சேபணை இல்லாச் சான்று பெறுவது முதல் வேலை. வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். பிறகு இங்கே சாலை வரி கட்ட வேண்டும்; அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள். விற்றவர் கையெழுத்து தேவை என்பதால், ஊருக்குப் போகும்போதே வாங்கி வந்துவிடுவது உத்தமம்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு நண்பரிடம் சொன்னேன். துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

"போனஸ் என் பாக்கெட்டிலே, பொறுப்பு அவர் தலையிலேன்னு சொல்றீங்க."

"அப்படித்தான் சார்."

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் மாமனாரிடம் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். வாசக அன்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டு ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் பெயர் உங்களுடையதுதானா?