அடியாரும் பாவியும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலே 1814ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து பணி தொடங்கினார். மறு ஆண்டே அவர் உயிர் நீத்தாராயினும் அப்பணி நிலைத்தது. வாவியின் மறுகரையில், கல்லடி உப்போடையிலே, 1929இல் விபுலாநந்த அடிகளார் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவ்விரு கரை மாணவரும் அயலவராய் வாழ்ந்து வருதலின், சைவ மாணவன் ஒருவன் தன் கிறித்தவ நண்பனை நோக்கி இவ்வாறு வினவுதல் இயல்பேயாகும்: “இயேசுவால் மீட்கப்பட்டேன் என்கிறாய், நாள்தோறும் பாவியென்றும் சொல்லிக்கொள்கிறாய். மீட்பு மெய்யாயின் நீ பாவியல்லை. பாவியென்பது மெய்யாயின் மீட்பு எங்கே?”

இவ்வினாவுக்குப் பெரியோர் துணையும் உண்டு. மனிதரைப் பாவிகள் என அழைத்தலே பாவம் என்று 1893இல் சிக்காகோவிலே விவேகாநந்தர் முழங்கினார். பாவி, பாவி என்று ஓயாது சொல்பவன் பாவியாகவே ஆகிவிடுவான் என்பது அவர்தம் குருநாதராகிய பரமஹம்சரின் கருத்து. அடிகளார் சார்ந்ததும் அம்மரபேயன்றோ!

எனினும், தமிழிலே ‘பாவம்’ என்னும் சொல் இரு சமயத்தார்க்கும் ஒரு பொருள் தருவதன்று. சைவன் செவியில் அது புண்ணியத்துக்கு மறுதலையான வினை. செய்தால் ஏறும், அனுபவித்தால் தீரும். கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியோர் இச்சொல்லையே எடுத்தாண்டனர். ஆனால் அவர் கருதியது தனித்தனித் தீச்செயல்களை மாத்திரமன்று. அச்செயல்களுக்கு ஊற்றாய் உள்ளே கிடக்கும் ஒரு நிலையையுமாகும். சித்தாந்த வழக்கிலே அதற்கு அண்மையில் நிற்பது கன்மமன்று, ஆணவம். கிறித்தவன் ‘நான் பாவி’ என்னுங்கால் சைவன் ‘நான் தீயன செய்தவன்’ என்று விளங்கிக்கொள்கிறான். பிணக்கிற் பாதி இச்சொல்லினாலே விளைந்தது.

மற்றைப் பாதி கிறித்தவர்க்குள்ளேயே நெடுங்காலம் வழக்காடப்பட்டதாகும். பவுல் அடிகள் திருச்சபையினரைப் பரிசுத்தவான்கள் என விளித்துக் கடிதம் வரைந்தவர்; அவரே தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், பாவிகளுள் தலையானவன் தான் என்கிறார். ‘இருந்தேன்’ என்னாது ‘இருக்கிறேன்’ என நிகழ்காலத்திற் கூறியமை நோக்கத்தக்கது. யோவானின் முதல் நிருபமோ, பாவமில்லை என்போன் தன்னைத்தானே வஞ்சிக்கிறான் என்று ஓரிடத்தும், தேவனாற் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்று பிறிதோரிடத்தும் உரைக்கின்றது.

கடைக்காரரின் கடன் கொப்பியை உவமை கொண்டால் இவ்வழக்கு எளிதில் விளங்கும். ஒருவனது கடனை இன்னொருவர் இறுத்துக் கணக்கைக் கீறிவிட்டார். அவன் இனிக் கடன்காரன் அல்லன். ஆனால் கடன் வாங்கும் பழக்கம் அவனை விட்டதா? மார்ட்டின் லூதர், கணக்குத் தீர்ந்தது, பழக்கம் கிடக்கிறது. ஆதலின் விசுவாசி ஒரேவேளையில் நீதிமானும் பாவியுமாவான் என்றார். 1546இல் திரெந்துச் சங்கம் இதனை ஏற்கவில்லை. ஞானஸ்நானத்தாற் சென்மபாவம் மெய்யாகவே நீங்குகிறது. எஞ்சி நிற்பது போராடி வெல்லுதற்கென விடப்பட்ட இச்சையே, அது தன்னளவிற் பாவமன்று என விதித்தது. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் செய்வது ஞானஸ்நானத்தின்பின் தாம் செய்த குற்றங்களுக்காகவே.

வாவிக்கரை மெதடிஸ்தரின் ஆசானாகிய ஜோன் வெஸ்லி இன்னும் ஒருபடி ஏறினார். தெய்வ அன்பு உள்ளத்தை நிறைத்து, அறிந்தே செய்யும் குற்றம் அற்றுப்போகும் நிலை இப்பிறவியிலேயே கைகூடும் என்பது அவர் கொள்கை. 1766இல் அதனை விளக்கித் தனிநூலும் வெளியிட்டார். ஆயினும் அந்நிலை எய்தியோர்க்கும் அறியாமையால் வரும் பிழைகள் உண்டு. அவரும் கிறித்துவின் பிராயச்சித்தத்தை நாடியே நிற்பர் என்றார். தாம் அந்நிலையை அடைந்துவிட்டதாக அவர் உரிமை கொண்டாடவுமில்லை. இதுவே அவர் கொள்கைக்கு மதிப்பளிப்பது எனலாம்.

சைவர் தம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். மாணிக்கவாசகர் குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பட்ட பின்னரே தம்மை நாயினுங் கடையராகப் பாடினார். ஆட்கொள்ளப்படாதவன் அவ்வாறு பாடான். கிடுகுக் கூரையின் துவாரம் வழியே வெயில் நுழைந்த பின்னரே அறையிலுள்ள தூசி கண்ணுக்குப் புலனாகிறது. திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட போப் ஐயருக்கு இக்குரல் அந்நியமாய் ஒலித்திராது. அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்திலே ஆடி அமாவாசையன்று சென்ற ஆண்டு ஆடியவரே இவ்வாண்டும் ஆடுகின்றார். முன்னைத் தீர்த்தம் பலிக்கவில்லையோ என்று எவரும் அவரை வினவுவதில்லை. மெய்கண்டதேவரின் பன்னிரண்டாஞ் சூத்திரமும், ஞானம் பெற்ற சீவன்முத்தருக்கே, மலத்தைக் கழுவி அடியாரோடு கூடுக, ஆலயந் தொழுக என்று விதிக்கின்றது. பெருங்காயம் இருந்த பாண்டத்தில் அதன் மணம் எஞ்சுவதுபோல வாசனாமலம் எஞ்சும் என்பர் உரைகாரர்.

பரமஹம்சரின் எச்சரிக்கை பொய்யென்பதன்று. ‘நான் பாவிதானே’ என்று கூறித் திருந்தாமலிருப்பவனை அது சரியாகவே தாக்குகிறது. அருள் பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமோ எனத் தாமே வினவி, ஒருபோதும் கூடாது என்று பவுலும் மறுத்தார். அத்தகையோன் வாயில் ‘பாவி’ என்பது அறிக்கையன்று, சாக்கு.

இரு கொள்கையும் ஒன்றெனக் கூறுதலும் பொருந்தாது. கிறித்தவத்திற் பாவம் இடையில் வந்தது. படைப்பு நன்றாகவே இருந்தது. சித்தாந்தத்தில் ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதி. முடிவிலும் வேற்றுமை உண்டு. பரகதி அடைந்தவரிடம் பாவம் சிறிதும் இராது என்பர் கிறித்தவர். சித்தாந்திகளோ, முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தியே அடங்குகிறது என்பர். மீட்கப்பட்டவன் தன்னைப் பாவியெனல் ஆகாது என்று நண்பனை மடக்கும் சைவ மாணவன், இவ்விடத்தில் தன் சமயமே கடினமான விடையைத் தருகிறது என்பதைக் காண்பான்.