பூஜ்யம் இருக்கிறது, ஜாக்கிரதை!

பரீட்சைக் கேள்விகளில் இரண்டு வகை உண்டு. 'விடை என்ன?' என்று கேட்பது ஒன்று. 'விடை சொல்வதற்கு இந்த விவரம் போதுமா?' என்று கேட்பது இன்னொன்று. முதலாவது ஸ்கூல் வாத்தியார். இரண்டாவது கிரிமினல் வக்கீல். இந்த வக்கீலுக்கு இங்கிலீஷில் டேட்டா சஃபிஷியன்ஸி என்று பெயர்.

வேலையில் இருந்துகொண்டே வங்கி ஆபீஸர் தேர்வுக்கோ, எம்.பி.ஏ. படிக்க ஜிமேட்டுக்கோ, ரயிலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தோடு போகிற இளைஞர்களுக்கு இவரைத் தெரியும். ஜிமேட்டில் 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் இவரை 'டேட்டா இன்ஸைட்ஸ்' என்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். 45 நிமிஷம், 20 கேள்வி. திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் தருகிறார்கள். சந்தோஷப்படாதீர்கள். நாம் வழுக்கி விழுகிற இடத்தில் அது கை கொடுக்காது.

கேள்வியின் அமைப்பு எளிது. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல்கள். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியே ஒவ்வொன்றும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா? ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். (இந்த ஐந்தின் வரிசை தேர்வுக்குத் தேர்வு மாறும். மனப்பாடம் செய்தவர்கள் கவனிக்க!) 'ஆமாம்' என்று அடித்துச் சொல்ல முடிந்தாலும் போதும். 'இல்லவே இல்லை' என்று சொல்ல முடிந்தாலும் போதும். 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று இழுத்தால்தான் போதாது.

இதில் பூஜ்யத்துக்கு என்ன வேலை? தோசையில் ஆரம்பிக்கலாம்.

நீங்கள் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குப் போகிறீர்கள். நான் தெருமுனைக் கையேந்தி பவனுக்கு. இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில் தோசை சாப்பிட்டோம். பில்லும் சமம். ஆகவே இரண்டு இடத்திலும் தோசை விலை ஒன்றுதான் என்று சொல்லலாமா? தாராளமாக, குறைந்தது ஒரு தோசையாவது சாப்பிட்டிருந்தால். இரண்டு பேருமே சும்மா ஏ.சி. காற்றும் தெருக்காற்றும் வாங்கிவிட்டு எழுந்து வந்திருந்தால்? பில் அங்கேயும் ரூபாய் 0, இங்கேயும் ரூபாய் 0. விலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அல்ஜீப்ராவில் இதே தோசை இப்படி வரும்:

ஒய்-யின் மதிப்பு என்ன?
(1) எக்ஸ் × ஒய் = 7 × எக்ஸ்
(2) எக்ஸ், 2-ஐ விடப் பெரியது

முதல் வரியைப் பார்த்ததும் கை தானாகப் போய் இரண்டு பக்கத்து எக்ஸையும் அடித்துவிடும். ஒய் = 7. 'முதல் தகவல் மட்டும் போதும்' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். தப்பு! எக்ஸ் பூஜ்யமாக இருந்தால் ஒய் 7 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம், உங்கள் பைக் நம்பராகவும் இருக்கலாம். எக்ஸ் பூஜ்யமில்லை என்று உத்தரவாதம் தருவது இரண்டாவது தகவல்தான். ஆக, இரண்டும் சேர்ந்தால்தான் போதும்.

எங்கள் ஆபீஸில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"என்ன ஸார், எக்ஸ்னா ஏதோ ஒரு நம்பர். அதைப் போய் எதுக்கு சைபரா இருக்குமோன்னு சந்தேகப்படணும்?"

"மாசக் கடைசியில உன் பர்ஸுல எவ்வளவு இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "புரிஞ்சுது ஸார்."

அந்தத் தம்பி கூச்சப்படத் தேவையில்லை. பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் பூஜ்யத்தைக் கூட்ட, கழிக்க, பெருக்க முறையாக விதி எழுதியவர். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதினார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. பூஜ்யத்தால் வகுப்பதே கூடாது என்பதுதான் விதி. எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? அப்புறம் எந்த எண்ணிலிருந்து வந்தோம் என்று திரும்பிப் போக வழியே கிடையாது. எக்ஸை அடிப்பது என்றால் எக்ஸால் வகுப்பது என்று அர்த்தம். அது பூஜ்யமில்லை என்று தெரியாமல் அடிக்கக் கூடாது.

அடிக்காமல் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து, பொதுவானதை வெளியே எடுங்கள். எக்ஸ் × (ஒய் − 7) = 0. பெருக்கல் பூஜ்யம் என்றால் இரண்டில் ஒன்றாவது பூஜ்யம். எக்ஸ் = 0 அல்லது ஒய் = 7. ஒளிந்திருந்த ஆசாமி வெளியே வந்துவிட்டான்.

இன்னொன்று பாருங்கள்.

எக்ஸ் என்ன?
(1) எக்ஸ் வர்க்கம் = 5 × எக்ஸ்
(2) எக்ஸ் ஒற்றைப்படை எண்

முதல் தகவல்படி 0 அல்லது 5. இரண்டாவது தனியாக உதவாது. சேர்த்தால் 5 மட்டும் மிஞ்சும், ஏனென்றால் பூஜ்யம் இரட்டைப்படை (2-ஆல் வகுத்தால் மீதி வராது). சரி, இரண்டாவது தகவல் 'எக்ஸ் இரட்டைப்படை' என்று இருந்தால்? அப்போதும் இரண்டும் சேர்ந்தால் போதும். விடை 0! பூஜ்யமும் ஒரு கௌரவமான விடைதான்.

அடுத்தது, வர்க்கம் என்றாலே பிளஸ் என்று நம்புகிறவர்களுக்காக.

எக்ஸ் வர்க்கம் × ஒய், பூஜ்யத்தை விடப் பெரியதா?
(1) ஒய் பூஜ்யத்தை விடப் பெரியது
(2) எக்ஸ் × ஒய் = 6

'வர்க்கம் பிளஸ், ஒய் பிளஸ், ஆகவே பெரியது' என்று முதல் தகவலோடு முடித்தால் மாட்டினீர்கள். எக்ஸ் பூஜ்யமாக இருந்தால் மொத்தமும் பூஜ்யம். இரண்டாவதில் 2, 3 போட்டால் 12. மைனஸ் 2, மைனஸ் 3 போட்டால் மைனஸ் 12. தனியாகப் போதாது. ஆனால் பெருக்கினால் 6 வருகிறது என்றாலே இரண்டு பேருமே பூஜ்யமில்லை என்று அது சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. சேர்த்தால் போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டு எங்கே பார்த்தாலும் 'போதாது, போதாது' என்று எழுதுகிற வியாதி வந்துவிடக் கூடாது. அதற்கு மாற்று மருந்து இது:

எக்ஸ் + ஒய் எவ்வளவு?
(1) எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம் = 0
(2) எக்ஸ் = மைனஸ் ஒய்

தெரியாத ஆட்கள் இரண்டு, சமன்பாடு ஒன்று, எனவே முதலாவது போதாது என்று தோன்றும். ஆனால் மெய்யெண்களில் வர்க்கம் மைனஸில் போகாது. இரண்டும் சேர்ந்து பூஜ்யம் என்றால் இரண்டுமே பூஜ்யம். கூட்டினால் 0. இரண்டாவதிலும் எக்ஸ், ஒய் தனித்தனியே தெரியாவிட்டாலும் கூட்டினால் 0. தனித்தனியே ஒவ்வொன்றும் போதும். இங்கே பூஜ்யம் வில்லன் இல்லை ஸார், ஹீரோ!

இத்தனை பயம் எதற்கு என்று கேட்டால், வங்கித் தேர்வில் தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு அபராதம். வர வேண்டிய மார்க்கும் போச்சு, கையிலிருந்த காலும் போச்சு. கட்-ஆஃப் தசமப் புள்ளியில் வருகிற ஊரில் அந்தக் கால் மார்க், ஒரு வருஷம்.

பரீட்சையை விட்டுத்தள்ளுங்கள். 1997 செப்டம்பரில் 'யார்க்டவுன்' என்கிற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஒரு சிப்பந்தி கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் 0 என்று பதிந்தார். புரோகிராம் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போய், கம்ப்யூட்டர்கள் படுத்து, எஞ்சினும் படுத்து, கப்பல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் கடலில் சும்மா நின்றது. பீரங்கி, ஏவுகணை எல்லாம் இருந்தும் ஒரு முட்டையிடம் தோல்வி!

ஆகவே கட் பண்ணி பர்ஸில் வைத்துக்கொள்ள நாலே வரி:

1. எக்ஸை அடிக்குமுன், 'இது பூஜ்யமாக இருக்க முடியுமா?' என்று கேளுங்கள்.

2. எண் போட்டுப் பார்க்கும்போது 1, 2 என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் 0. அப்புறம் ஒரு பிளஸ், ஒரு மைனஸ்.

3. 'முழு எண்' என்றால் பூஜ்யம் உண்டு. 'மிகை எண்' என்றால் கிடையாது. 'மைனஸ் அல்லாத எண்' என்றால் பூஜ்யம் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தாயிற்று.

4. கேள்வியிலேயே ஒய் கீழே, வகுக்கிற இடத்தில் இருந்தால் அது பூஜ்யமில்லை. சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்த நாலையும் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையா? கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். தொடாத கேள்விக்கு வங்கித் தேர்வில் என்ன மார்க் தெரியுமோ?

பூஜ்யம்தான். மைனஸ் காலை விட அது எவ்வளவோ மேல்!