கூட்ட அறையில் கணிப்பொறி: கட்டுப்பாடு யார் கையில்?

அலுவலகக் கூட்டங்களில் கணிப்பொறிகள் பல இருப்பினும், திரையில் தோன்றும் கணக்கை இயக்குபவர் பெரும்பாலும் ஒருவரே. ஏனையோர் பார்வையாளராகின்றனர். இக்குறையைப் போக்கவே கட்டுப்பாட்டைப் பகிரும் மென்பொருள்கள் தோன்றின.

1980களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையம் 'கோலாப்' என்னும் கூட்ட அறையை அமைத்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியிலிருந்தே பொதுத்திரையில் எழுதவும் திருத்தவும் இயன்றது. 2001இல் வெளிவந்த 'சினர்ஜி' வேறொரு வழியைக் கையாண்டது. அதில் ஒரே சுட்டி, திரையின் விளிம்பைக் கடந்து அடுத்த கணிப்பொறிக்குள் செல்லும். கோப்புகள் இடம் மாற வேண்டியதில்லை.

பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'மல்டிபாயிண்ட்', ஒரே கணிப்பொறியில் மாணவர் பலருக்கும் தனித்தனிச் சுட்டி அளித்தது. அனைவரும் ஒரே விடையைத் தேர்ந்தால் மட்டுமே மேற்செல்லும் முறையும் அங்கு ஆராயப்பட்டது.

நிர்வாகத்திற்கும் இதன் பயன் உண்டு. பனச்சமூட்டை அடுத்து ஓடும் மாநில எல்லையின் ஒருபுறம் நெய்யாற்றின்கரை, மறுபுறம் விளவங்கோடு. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வந்த நீர் 2004இல் நின்றது. இத்தகைய சிக்கலில் இரு மாநில அலுவலர்களும் ஒரே மேசையில் அமரும்போது, இரு தரப்பு அளவீடுகளும் அருகருகே விரிதல் நலம். காணும் உரிமை அனைவருக்கும், திருத்தும் உரிமை பதிவுக்குரியவருக்கும் என்ற விதியை முன்னரே வகுத்தல் வேண்டும். மென்பொருள் உடன்பாட்டை உண்டாக்காது. ஆயினும், எந்த எண்ணில் வேறுபாடு என்பதை எல்லோரும் ஒருங்கே காண அது துணைபுரியும்.