முல்லையின் காத்திருப்பும் கேமரன் மலையின் குளிரும்

அமெரிக்க மேற்குப் பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணை. டிசம்பர் மாதப் பனி. நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் கிறிஸ்துமசுக்கு வீடு திரும்புகிறார். பழைய அன்பு மீண்டும் துளிர்க்கிறது. இத்தகைய ஆங்கிலக் காதல் நாவல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. இவற்றின் முடிவு முதற் பக்கத்திலேயே விளங்கிவிடும். விளங்கிய முடிவை நோக்கி மக்கள் ஏன் ஆர்வத்தோடு படிக்கின்றனர்? இதற்கு விடைகாண நம் திணைக் கோட்பாடே துணைபுரியும்.

தொல்காப்பியம் அகப்பாடலுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் உயிரினங்கள், உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் அன்பொழுக்கம் உரிப்பொருள். முல்லைக்கு நிலம் காடு; தொழில் ஆநிரை மேய்த்தல்; பெரும்பொழுது கார்; உரிப்பொருள் இருத்தல். வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் மீள்வதாகக் கூறிச் செல்வான்; தலைவி ஆற்றியிருப்பாள். மேய்ச்சல் நிலம், காத்திருப்பு, குறித்த காலத்தில் மீளுதல் ஆகிய மூன்றும் பண்ணைக் கதையிலும் உள்ளன. அங்கே காரின் இடத்தைக் கிறிஸ்துமஸ் பெறுகிறது. இரண்டும் தவணைக் காலங்களே.

முல்லைப் பாடலைக் கேட்பவர் தலைவன் வருவானா என்று மட்டும் கேட்பதில்லை. அதுவரை அவள் மனம் எவ்வாறு ஆற்றியிருக்கிறது என்றே நோக்குவார். காதல் நாவல் வாசகரும் அவ்வாறே. முடிவு உறுதியாக இருப்பதால் இடையில் வரும் ஊடலையும் ஐயத்தையும் அச்சமின்றி நுகர முடிகிறது. தமிழில் ரமணிசந்திரனின் நாவல்கள் பெற்ற பெருவரவேற்புக்கும் இவ்வுறுதி ஒரு காரணம். அன்றாட வாழ்வில் கிடைக்காத உறுதியைக் கதையில் நாடுவது இழிவன்று.

இனி நம் நாட்டு மலையொன்றை நோக்குவோம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885இல் அப்பகுதியை ஆய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. 1929இல் ஜே.ஏ. ரசல் அங்கு 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். வெப்ப நாட்டில் குளிர்ந்த அம்மலையில், ஆங்கிலேயர் தம் நாட்டுப் பாணியில் கணப்பு அடுப்புடன் கூடிய விடுதிகளை எழுப்பினர். தாயகத்தை எண்ணி ஏங்கியவர்கள் மலைக்கு அணிவித்த கற்பனை உடை அது. இன்றைய சுற்றுலாப் படங்களிலும் அவ்வுடையே தெரிகிறது: மூடுபனி, பசுஞ்சரிவு, ஒரு கோப்பைத் தேநீர்.

அச்சரிவைப் பசுமையாக்கியவர் எங்கே? தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் காட்டைத் திருத்தினர், செடி நட்டனர், கொழுந்து பறித்தனர், லயன் வீடுகளில் வாழ்ந்தனர். இன்று வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாள நாட்டவரும் அவ்வேலையைச் செய்கின்றனர். திணைக் கோட்பாட்டின்படி தொழிலும் கருப்பொருளே. பனியை வைத்துக்கொண்டு கொழுந்துக் கூடையை நீக்கிய காதற்கதை, முதற்பொருள் மட்டும் உடையது, கருப்பொருளை இழந்தது.

இன்பக் கதைக்குள் உழைப்பின் துயரம் புகுந்தால் சுவை கெடும் எனச் சிலர் கருதலாம். டான் ட்வான் எங் 2012இல் வெளியிட்ட ஆங்கில நாவல், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தின் அருகே ஒரு காதலை வைக்கிறது. சப்பானியர் ஆட்சிக்காலக் கொடுமையின் நினைவையும் அதனுடனேயே வைக்கிறது. அது இனிய முடிவை உறுதியளிக்கும் வகைக் கதையன்று. எனினும், துயரத்தை மறைக்காமலே அன்பைச் சொல்லலாம் என்பதற்குச் சான்றாகிறது.

தோட்டத்துக் குடும்பங்களும் காத்திருப்பை நன்கறிந்தவை. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கிறிஸ்துமசுக்கோ மலையேறி வருவர். அவர்களுக்காகச் சமைத்துவிட்டு வாயிலைப் பார்த்திருக்கும் தாயிடமும் முல்லையின் இருத்தல் உண்டு.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய பயிற்சியைத் தரலாம். மாணவர் தாம் விரும்பிப் படித்த காதற்கதை ஒன்றின் முதல், கரு, உரி ஆகியவற்றை அட்டவணைப்படுத்தட்டும். கருப்பொருள் பகுதி வெறுமையாக இருப்பின், அந்நிலத்தில் உழைப்பவர் யாரென வினவி, அவருக்கு இடமளித்து ஒரு பக்கம் எழுதட்டும். விரும்பிய கதையை அவர்கள் கைவிட வேண்டியதில்லை. அக்கதைக்குள் இன்னும் சிலர் வீடு திரும்புவர்.