சர்வரில் இடம் கூட்டுவது எவ்விதம்?



மருத்துவமனைகளின் தேவைப் பட்டியலில் "சர்வருக்கு ஹார்ட் டிஸ்க்" என்ற வரியைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். "ஒரு டிஸ்க்தானே, வாங்கிச் சொருகினால் தீர்ந்தது, மற்றச் செலவுகள் எதற்கு?" என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்தக் காரியத்தை இங்கே எளிதாக விளக்க விரும்புகிறோம்.

இடம் ஏன் நிரம்புகிறது?

சி.டி. ஸ்கேனில் எடுக்கப்படும் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் ஏறத்தாழ அரை மெகாபைட். ஒரு நோயாளிக்கு 500 படங்கள் என்றால் 250 மெகாபைட். நாளுக்கு 20 பேர் வந்தால் 5 ஜிகாபைட். 300 வேலை நாட்களில் 1500 ஜிகாபைட். பழைய படங்களை அழித்துவிடவும் கூடாது. சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கட்டி வளர்ந்ததா, குறைந்ததா என்று டாக்டர் சொல்ல முடியும்.

பல டிஸ்க்குகள் சேர்ந்த ஒரே பெட்டகம்

சர்வரில் டிஸ்க்குகள் தனித்தனியே வேலை செய்வதில்லை. "ரெய்டு" என்னும் முறையில் அவை ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் இந்த முறையை விளக்கி எழுதினார்கள்.

மூன்று டிஸ்க்குகளில் 4, 7, 2 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்வோம். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 13-ஐ எழுதி வைக்கிறோம். 7 இருந்த டிஸ்க் கெட்டுப்போனால், 13-இலிருந்து மற்ற இரண்டையும் கழித்து 7-ஐத் திரும்பப் பெறலாம். உண்மையில் நடக்கும் கணக்கு வேறு, கருத்து இதுவே. "ரெய்டு 5" முறையில் இந்தக் காப்புக் கணக்கு எல்லா டிஸ்க்குகளிலும் பரவி இருக்கும். ஆகவே 600 ஜிகாபைட் டிஸ்க்குகள் நான்கு இருந்தால், பயன்படும் இடம் 1800 மட்டுமே. ஐந்தாவதைச் சேர்த்தால் 2400 ஆகும்.

தனி சி.டி. எதற்கு?

இந்தக் கட்டமைப்பை ஆள்வது விண்டோஸ் அல்ல, சர்வருக்குள் இருக்கும் கண்ட்ரோலர் கார்டு. எச்.பி. புரோலையன்ட் சர்வர்கள் பலவற்றில் இதன் பெயர் ஸ்மார்ட் அர்ரே. இதை நிர்வகிக்கும் மென்பொருளை முன்பு அர்ரே கான்ஃபிகரேஷன் யூட்டிலிட்டி என்றார்கள். பிற்பாடு ஸ்மார்ட் ஸ்டோரேஜ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர் மாறியது. சர்வரில் அந்த மென்பொருள் ஏற்றப்படாதிருந்தால், சி.டி. அல்லது யு.எஸ்.பி.யிலிருந்து சர்வரைத் துவக்கி அதை இயக்கலாம். அச்சமயம் வேறு எவரும் டிஸ்க்கில் எழுதுவதில்லை என்பது ஒரு நன்மை.

மூன்று படிகள்

முதலாவது, புதிய டிஸ்க்கைப் பழைய கட்டமைப்பில் சேர்ப்பது. இருக்கும் தகவல் முழுவதும் ஐந்து டிஸ்க்குகளுக்கும் மறுபடி பங்கிடப்படும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

இரண்டாவது, கிடைத்த காலி இடத்தை "லாஜிக்கல் டிரைவ்" என்பதோடு இணைத்து அதைப் பெரிதாக்குவது.

மூன்றாவது, விண்டோஸ் அல்லது லினக்ஸில் பார்ட்டிஷனை நீட்டுவது. இதைச் செய்யாவிட்டால் வாங்கிய இடம் கண்ணுக்கே தெரியாது. இங்கே ஒரு தடையும் உண்டு. எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் அமைந்த டிஸ்க், வழக்கமாக ஏறத்தாழ 2200 ஜிகாபைட்டுக்கு மேல் இடத்தைக் கையாளாது. நமது உதாரணத்தில் 200 ஜிகாபைட் வீணாகும். ஜி.பி.டி. முறையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்ப்பது நல்லது.

ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவை

ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. இடம் கூட்டும்போது பழைய டிஸ்க்குகள் மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கின்றன. தளர்ந்திருக்கும் டிஸ்க் அப்போது விழக்கூடும். ஆகவே பழுதின் அறிகுறி காட்டும் டிஸ்க் இருந்தால், முதலில் அதை மாற்றி, அது முழுவதும் சீரான பின்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். புதிய டிஸ்க் அதே வகையாயும், கொள்ளளவில் குறையாததாயும் இருக்க வேண்டும். கண்ட்ரோலரின் கேஷ் பேட்டரியும் யு.பி.எஸ்.ஸும் நல்ல நிலையில் இருப்பது அவசியம். அதே திரையில் கட்டமைப்பை அடியோடு அழிக்கும் கட்டளையும் இருப்பதால், இருவர் சேர்ந்து வாசித்துப் பார்த்தே அழுத்துவது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முழு பேக்கப் வேண்டும். அதிலிருந்து சில கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ரெய்டு ஒருபோதும் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பையோ, வைரஸ் கெடுத்ததையோ, தீயில் வெந்ததையோ அது மீட்டுத் தராது.

ஆகவே, பிரியமானவர்களே, "சர்வருக்கு ஒரு டிஸ்க்" என்ற வேண்டுகோள் உங்களிடம் வரும்போது, "பேக்கப் வைக்க இடம் இருக்கிறதா? யு.பி.எஸ். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது?" என்று அன்போடு கேளுங்கள். நோயாளியின் பழைய படம் தேவைப்படும் நாளில் அது டாக்டரின் கைக்குக் கிடைக்க, உங்கள் அந்தக் கேள்வியும் உதவும்.